உப்பிய பலகை, கோணிய கதவு, உளுத்த அலமாரி: சேலத்திலும் ஏற்காட்டிலும் பழுது பார்க்கும் வழி

சேலத்தில் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் காய்ந்து கிடக்கும் பிளைவுட், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனதும் வேறு பொருளாகிவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக இருக்கும் இடத்தில் மரம் தன் எடையில் 7, 8 சதவீத ஈரத்தோடு நிலைகொள்ளும். ஐப்பசி மூடுபனியில் ஏற்காட்டுக் காற்று 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும்போது அதே மரம் 20 சதவீதம் வரை ஈரம் குடிக்கும். கீழே கூறப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் பிறக்கின்றன.

பழி மட்டும் மரத்தின்மேல் விழுகிறது. மலைவேம்பு, தைலமரம், பால் வற்றிய ரப்பர் மரம், காப்பித் தோட்டத்து நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் என்று வெட்டினால் திரும்ப நடக்கூடிய மரங்களில் செய்த பலகை கெட்டுப்போனால், "தோட்டத்து மரம்தானே, வேறென்ன வரும்" என்று சொல்லிவிடுகிறார்கள். காட்டுத் தேக்கில் முகப்பு ஒட்டிய பலகையும் பசை சரியில்லை என்றால் அதே கதிதான். எனவே பலகையைக் கழற்றித் தூக்கிப்போடுவதற்கு முன், காரணம் தண்ணீரா, பசையா, பூச்சியா, பொருத்திய விதமா என்று பாருங்கள்.

கையில் வேண்டியவை: கனம் அளக்க ஒரு வெர்னியர், நீளமான நூல், ரசமட்டம், டார்ச், மெல்லிய கத்தி. ஊசி வைத்த ஈரமானி இருந்தால் நல்லது. ஆனால் பசை அடுக்கில் ஊசி பட்டால் அது கூடுதலாகக் காட்டும். அதனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், ஒரே பலகையின் கெட்ட இடத்தையும் நல்ல இடத்தையும் ஒப்பிடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது.

சிங்க்குக்குக் கீழே ஷட்டரின் (அலமாரிக் கதவின்) அடி ஓரம் தடித்துவிட்டது

வெர்னியரை ஷட்டரின் நடுவிலும் அடி ஓரத்திலும் வையுங்கள். நடுவில் 18 மி.மீ., ஓரத்தில் 20 அல்லது 21 என்றால் வெட்டிய விளிம்பு தண்ணீர் குடித்திருக்கிறது. அடுத்து, அது என்ன பலகை என்று பாருங்கள். விளிம்புப் பட்டையை நகத்தால் சற்று நெம்பினால் உள்ளே தெரியும். அட்டை போலச் சீரான பழுப்பு என்றால் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப். தவிட்டை அழுத்தியது போலச் சிம்புகள் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. குறுக்கும் நெடுக்குமாக அடுக்குகள் என்றால் பிளைவுட். சாதாரண எம்டிஎஃப்பும் பார்ட்டிகிள் போர்டும் ஒருமுறை உப்பினால் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. இழைத்துச் சமப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இழைத்த இடம் இன்னும் வேகமாகக் குடிக்கும். பிளைவுட் ஓரளவு திரும்பும், அடுக்கு பிரியாதவரை.

தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிக்காமல் பலகையை மாற்றுவது வீண் செலவு. சிங்க்கின் கழிவு இணைப்பு, அதன் கீழுள்ள பாட்டில் டிராப் (நாற்றம் ஏறாமல் தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணம்), குழாயின் அடி நட்டு ஆகிய மூன்றையும் துணியால் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் டிஷ்யூ தாளைச் சுற்றுங்கள். சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்து ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து எந்தத் தாள் நனைந்திருக்கிறதோ அதுதான் ஆள். மூன்றும் காய்ந்திருந்தால் கல்லுக்கும் சிங்க் விளிம்புக்கும் நடுவில் போட்ட சிலிகான் விட்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் தரை துடைக்கும் தண்ணீர். அலமாரிப் பெட்டியைத் தரையோடு தரையாக உட்காரவைத்த சமையலறைகளில் இதுதான் சத்தமில்லாமல் வேலையைக் காட்டும்.

நிவர்த்தி: பெட்டியின் அடிப்பலகையை மட்டும் கழற்றி, 18 மி.மீ. ஐ.எஸ். 710 பிளைவுட்டில் (இந்தியத் தர நியமப்படி மெரைன் எனப்படும், தண்ணீரைத் தாங்கும் ரகம்) மாற்றுங்கள். பெட்டியை 4 அங்குல பிளாஸ்டிக் கால்களில் ஏற்றுங்கள். புதுப் பலகையைப் பொருத்துவதற்கு முன் நான்கு வெட்டு விளிம்புகளிலும் பி.யூ. (பாலியூரித்தேன்) சீலர் அல்லது எபாக்ஸி இரண்டு கை பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் ஆறியபின் மணல்தாள் போடவும். குழாய்க்காக ஆசாரி துளைத்த ஓட்டையின் உட்சுற்றும் விளிம்புதான்; அதைப் பூச எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பிளைவுட் அடுக்கு பிரிகிறது, ஓரத்தில் வாய் திறக்கிறது

பசைதான் காரணம் என்று பாதி முடிவுக்கே வந்துவிடலாம். மீதிப் பாதிக்குச் சோதனை வேண்டும்.

எம்.ஆர். எனப்படும், ஈரக்காற்றை மட்டும் தாங்கும் சாதாரண ரகத்தில் யூரியா பசை. கொதிநீரைத் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகத்திலும் மெரைன் பிளைவுட்டிலும் ஃபீனால் பசை. முதல் இரண்டும் ஐ.எஸ். 303-இல் வரும், மெரைனுக்கு ஐ.எஸ். 710. யூரியா பசையின் கோடு நிறமற்றுத் தெரியும், ஃபீனால் பசையின் கோடு செங்கருப்பாக இருக்கும். ஆனால் வெளிறிய பசையில் சாயம் கலந்து கறுப்பாக்குவதும் நடப்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. மலிவுப் பலகையில் பசையை நீட்ட மைதா போன்ற மாவைத் தாராளமாகக் கலப்பதும் உண்டு. ஜவ்வரிசி ஆலை இருக்கும் ஊர்க்காரர்களுக்கு ஈரத்தில் மாவு என்னாகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஓரத்தை முகர்ந்தால் புளித்த வாடை வந்தால் அதுதான்.

சோதனை இப்படி. மிச்சத் துண்டிலிருந்து மூன்றங்குலச் சதுரமாக மூன்று துண்டு அறுங்கள். ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பெரிய பாத்திரத்தில் போட்டு, மிதக்காதபடி மேலே கல் வைத்து, முழுக முழுகத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் குறையும்போது கொதிநீரையே ஊற்றவும். பி.டபிள்யூ.ஆர். என்று விற்றது 8 மணி நேரம் தாங்க வேண்டும். மெரைனுக்கு நியமம் 72 மணி நேரம். வீட்டு கேஸில் அது கட்டுப்படியாகாது, ஆனால் மோசமான போலி முதல் எட்டு மணி நேரத்திலேயே பல்லிளித்துவிடும். எம்.ஆர். பலகையைக் கொதிக்கவைத்துத் தோற்றது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அதற்கு 60 டிகிரி வெந்நீரில் 3 மணி நேரம்தான் சோதனை.

துண்டைத் தண்ணீரிலேயே ஆறவிட்டு எடுங்கள். கத்தி முனையை ஒரு அடுக்குக்குள் செருகி நெம்புங்கள். பிரிந்த முகத்தில் நார்நாராக மரம் கிழிந்து ஒட்டியிருந்தால் பசை வென்றது, மரம் தோற்றது, பலகை நல்லது. வழவழவென்று தோல் உரிந்ததுபோல் வந்தால் பசை தோற்றது. இன்னொன்று: இந்தச் சோதனையை மலையில் செய்யாமல் சேலத்தில் செய்யுங்கள். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். பலகைக்கு அது சலுகை மதிப்பெண்.

சோதனையில் தேறிய பலகை பிரிந்திருந்தால் ஒரு கையளவு இடத்தில்தான் பிரிந்திருக்கும். தயாரிக்கும்போது அந்த இடத்தில் பசை விழாமல் விட்டிருக்கும். சிரிஞ்சில் எபாக்ஸி ஏற்றி, இருபுறமும் மெழுகுதாள் வைத்து, சி-கிளாம்ப் போட்டு 24 மணி நேரம் விட்டால் போதும். தோற்ற பலகைக்கு ஒட்டு வேலை பயன்படாது. சமையலறையிலிருந்து கழற்றி, ஈரமில்லாத அறையில் லாஃப்ட் தட்டாகவோ கட்டில் அடிப்பலகையாகவோ வைத்துக்கொள்ளலாம். குப்பைக்குப் போக வேண்டியதில்லை.

அலமாரிக் கதவு வில்லாக வளைந்துவிட்டது

மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பாருங்கள். நூலுக்கும் பலகைக்கும் நடுவில் 6 மி.மீ.க்குள், அதாவது ஆசாரி கணக்கில் இரண்டு நூல் கனத்துக்குள் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இருந்தால் கீலைத் திருகி நகர்த்திச் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் காரணத்தைத் தேட வேண்டும்.

வழி எளிது: ஈரம் குடித்த பக்கம் புடைக்கும். ஏற்காட்டில் வெளிப்பக்கம் மட்டும் மைக்கா ஒட்டி, உட்பக்கம் வெறுமனே விட்ட ஷட்டர் உட்புறமாகப் புடைக்கும். சேலத்தில் பெயின்ட் ஒரு பக்கம், மைக்கா ஒரு பக்கம் என்றாலும் கோடையில் ஏதோ ஒரு திசைக்கு இழுத்துக்கொள்ளும். வெளியே 1 மி.மீ. மைக்கா என்றால் உள்ளே குறைந்தது 0.8 மி.மீ. மைக்கா வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் ஒட்டிவிட்டு, மறுபக்க மைக்கா கடையிலிருந்து வர ஒரு வாரம் காத்திருந்தால் பலகை அதற்குள் தன் முடிவை எடுத்துவிடும். 8×4 பலகையின் ஒரு முகத்துக்கு அரைக் கிலோ பெவிகால் சரியான அளவு. அதற்கு மேல் ஊற்றினால் அதுவும் தண்ணீர்தான்.

இரண்டு பக்கமும் சமமாக இருந்தும் வளைந்தால் மூன்று சாத்தியம். ஒன்று, ஏழடி உயர ஒற்றைக் கதவைப் பிளைவுட்டில் செய்தது. அந்த உயரத்துக்கு, மரச்சட்டங்களை நடுவில் அடுக்கி இருபுறமும் மெல்லிய பலகை ஒட்டிய பிளாக் போர்டுதான் பொருந்தும், அதுவும் உள்ளே ஓடும் மரச்சட்டங்கள் கதவின் நீளவாக்கில் வரும்படி அறுத்தால். குறுக்காக அறுத்த பிளாக் போர்டு வெறும் அட்டைக்குச் சமம். இரண்டு, கீல் பற்றாக்குறை: மூன்றடி வரை 2, ஐந்தடி வரை 3, ஏழடிக் கதவுக்கு 4 அல்லது 5 வேண்டும். மூன்று, வேலைக்கு முன் பலகையைச் சுவரில் சாய்த்து நிறுத்தியது. இந்த மூன்றாவதைத் தவிர்ப்பதற்குச் செலவே இல்லை. அதனால்தானோ என்னவோ யாரும் செய்வதில்லை.

மலைக்குக் கொண்டுபோகும் பலகையை உடனே அறுக்கக் கூடாது. வேலை நடக்கும் அறையிலேயே தரையிலிருந்து 4 அங்குலம் உயர்த்தி, இரண்டடிக்கு ஒரு சட்டம் வீதம் வைத்து, மட்டமாக அடுக்கி, மேலே ஒரு பழைய பலகையைப் பாரமாக வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், வெயில் நேரே படவேண்டாம். ஏழு முதல் பத்து நாள் போதும். அடிவாரத்திலிருந்து ஏறும் வண்டியில் தார்பாய் போடாமல் தூறலில் நனைந்து வந்த சரக்கு என்றால் இரட்டிப்பு நாள்.

வளைந்துபோன கதவை நிமிர்த்த, உட்பக்கம் உலோகத்தால் ஆன நிமிர்த்துக் கம்பி பதித்து மரை திருகும் வழி உண்டு. நல்ல பலகையில் அது பலிக்கும். உட்பக்கத்துக்கு மைக்கா ஒட்டாமல் கம்பியை மட்டும் பதித்தால் அடுத்த மழைக்கு மறுபடி திருக வேண்டும்.

அலமாரிக்குப் பின்னால் பூசணம், துணியில் ஓத வாடை

பலகை இதில் பாதிக்கப்பட்ட தரப்பு; குற்றவாளி சுவர். ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாக நீர் என்றால் சுவருக்குள்ளிருந்து ஓதம் ஏறுகிறது. அறைப்பக்கம் நீர் என்றால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. முதலாவதற்கு வெளிச்சுவர்ப் பூச்சிலோ அடித்தளத்திலோ வேலை இருக்கிறது. இரண்டாவதற்கு, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே 12 மி.மீ. சட்டம் கொடுத்து இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்று போக வழி செய்தால் தீரும். ஏற்காட்டில் வடக்குச் சுவரையொட்டி அலமாரி வைப்பதையே தவிர்ப்பது இன்னும் நல்லது. புதுச் சுவர் என்றால் பூச்சு ஆறி நான்கு வாரம் ஆவதற்குள் அலமாரி பொருத்தாதீர்கள்.

படிந்த பூசணத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, விசிறி வைத்துக் காயவைத்து, பிறகுதான் சீலர்.

பலகைக்குக் கீழே மாவு கொட்டுகிறது

கொட்டியதை விரலில் எடுத்துத் தேயுங்கள். முகப்பவுடர் போல வழுக்கினால் உளுக்கும் வண்டு; பலகையில் குண்டூசித் தலையளவு, 1 முதல் 2 மி.மீ. ஓட்டைகள் இருக்கும். ரவை போல உருண்டு நெறுநெறுத்தால் உலர்மரக் கரையான். மாவே இல்லாமல் மண் குழாய் ஏறியிருந்தால் தரைக் கரையான். மூன்றுக்கும் மருந்தும் வழியும் வேறு. ஆளை அழைப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை அடித்துக் காசு வாங்கிப் போய்விடுவார்கள்.

வண்டு பலகையின் மாவுச்சத்தைத் தின்கிறது. அதனால் மருந்தேற்றாத ரப்பர் மரமும் வெளிறிய மரங்களின் வெண்பகுதியும் அதற்கு விருந்து. இருக்கும் ஓட்டைகளைப் பென்சிலால் வட்டமிட்டு, மாவைச் சுத்தமாக உறிஞ்சி எடுத்துவிட்டு ஒரு மாதம் விடுங்கள். புது ஓட்டையோ புது மாவோ இல்லையென்றால் அது பழைய கதை. மெழுகால் அடைத்துவிட்டுப் போங்கள். இருந்தால், மர வண்டுக்கென்று விற்கும் மருந்தைச் சிரிஞ்சால் ஒவ்வொரு ஓட்டையிலும் ஏற்றி, பதினைந்து நாள் கழித்து மறுபடி ஏற்ற வேண்டும். மைக்காவின் மேலோ வார்னிஷின் மேலோ பூசுவது வீண், உள்ளே இறங்காது. அரிசி, பருப்பு வைக்கும் தட்டில் இந்த வேலையே வேண்டாம், அந்தத் தட்டை மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்குகையில் பசையோடு பூச்சி மருந்து கலந்த பிளையாகவும், ரப்பர் மரப் பலகை என்றால் போரிக் அமிலமும் போராக்ஸும் ஏற்றியதாகவும் கேளுங்கள்.

தரைக் கரையானுக்குப் பலகையில் மருந்தடிப்பது வாலைப் பிடிப்பது போல. புற்று தரைக்குக் கீழே இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒன்று வீதம் 12 மி.மீ. துளையிட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்துக் கரைசல் இறக்கி, சிமென்டால் அடைக்க வேண்டும். குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. என்றால் ஒரு லிட்டர் மருந்துக்கு 19 லிட்டர் தண்ணீர். உரிமம் பெற்ற ஆள் செய்ய வேண்டிய வேலை இது. கிணறு பக்கத்தில் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மண் குழாயை உடைத்துவிட்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் உயிர் இருக்கிறதா என்று தெரியும். மறுபடி கட்டியிருந்தால் இருக்கிறது.

கண் எரிகிறது, புது அலமாரியில் நெடி போகவில்லை

யூரியா பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைட். சூடும் ஈரமும் கூடினால் அதிகம் வெளியேறும். சேலத்துக் கோடையில் ஜன்னலை அடைத்து ஏசி போட்டால் நெடி அறைக்குள்ளேயே சுற்றும். கதவு, இழுப்பறை எல்லாவற்றையும் திறந்துபோட்டு இரண்டு மூன்று வாரம் காற்றாட விடுங்கள். அதற்கும் குறையாவிட்டால் வெறுமையாக விட்ட விளிம்புகள், திருகு ஓட்டைகள், பின்பலகையின் பின்புறம் ஆகியவற்றைச் சீலரால் மூடுங்கள்; பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். கிண்ணத்தில் ஏற்காட்டுக் காப்பித்தூள் வைத்தால் காப்பி மணம் கூடுதலாக வரும், அவ்வளவுதான். அடுத்த முறை ஃபார்மால்டிஹைட் குறைவாக வெளிவிடும் ஈ-1 அல்லது ஈ-0 ரகம் கேளுங்கள். குழந்தை படுக்கும் அறைக்கு எம்டிஎஃப் தவிர்க்க முடியாது என்றால் அறுத்த எல்லா விளிம்பிலும் பட்டை ஒட்டாமல் பொருத்த விடாதீர்கள்.

தட்டு நடுவில் தொய்கிறது

18 மி.மீ. பிளைவுட் தட்டுக்கு இரண்டரை அடி, எம்டிஎஃப்புக்கு இரண்டடி. புத்தகமோ பாத்திரமோ ஏற்றுவதாக இருந்தால் இதற்கு மேல் தாங்கலின்றிப் போகக் கூடாது. மூன்றடியை இரண்டடியாகக் குறைத்தால், அடிக்கு அதே பாரம் என்றால், தொய்வு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். நடுவில் ஒரு தாங்கல் கொடுக்க முடியாத இடத்தில் முன் ஓரத்தில் ஒன்றரை அங்குல உயரச் சட்டத்தைப் பசை வைத்துத் திருகுங்கள். முகப்பு ரேகை, அதாவது மேல் அடுக்கின் நார் ஓட்டம், தட்டின் நீளவாக்கில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். மிச்சம் பிடிப்பதற்காகக் குறுக்காக அறுத்திருந்தால் தொய்வது இயற்கை.

பலகையின் கனத்தையும் அளந்துவிடுங்கள். 6 மி.மீ.க்கு மேற்பட்ட பிளைவுட்டில் 5 சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது நியமம். அப்படியென்றால் 18 என்று விற்றது 17.1-க்குக் கீழே போகக் கூடாது. 16.5 கனத்தை 18 என்று பில் போடுவது புதிதல்ல.

குளியலறைக் கதவின் அடி நைந்துவிட்டது, கீல் திருகு பிடிக்கவில்லை

கதவு தரையில் இடிக்கிறது என்று கடைசி நாளில் ஆசாரி அடிப்பக்கம் இழைத்திருப்பார். இழைத்த அந்த விளிம்புக்கு மட்டும் பெயின்ட் இருக்காது. கதவைக் கழற்றி, நைந்த பகுதியை நேராக அறுத்துவிட்டு, நன்றாகக் காயவைத்து, அடி விளிம்பில் எபாக்ஸி பூசி, பி.வி.சி. பட்டை ஒன்றைத் திருகினால் இன்னும் சில வருடம் ஓடும். அடியில் இரண்டு நூல், மற்ற மூன்று பக்கமும் ஒரு நூல் இடைவெளி விடுங்கள். குளியலறைக்குப் புதிதாக வாங்குவதாக இருந்தால் மரக் கதவு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து, எவ்வளவு பசுமையான மரமாக இருந்தாலும்.

பிடி விட்ட திருகுக்குத் தீக்குச்சி செருகுவது ஒரு மாதத் தீர்வு. 8 மி.மீ. துளையிட்டு, பசை தோய்த்த மரக்கட்டையை அடித்து, மறுநாள் 2.5 மி.மீ. துளை போட்டு 4 மி.மீ. திருகை ஏற்றுங்கள். பார்ட்டிகிள் போர்டில் சாதாரண மரத்திருகு வேண்டாம். தலைவரை மரை ஓடும் சிப்போர்டு திருகுதான் பிடிக்கும். சுத்தியலால் அடித்து இறக்கிய திருகு எந்தப் பலகையிலும் நிற்காது.

கடைக்காரரிடம் திரும்பப் போக வேண்டியிருந்தால்

மரம் எங்கிருந்து வந்தது என்பதும் பசை எப்படி என்பதும் இரண்டு வேறு கேள்விகள். பொறுப்பாகப் பராமரித்த காட்டு மரம் என்று சான்று தரும் எஃப்.எஸ்.சி. முத்திரை முதல் கேள்விக்குப் பதில். அதற்கான சான்றிதழ் எண் பில்லிலும் இருக்க வேண்டும், பலகையில் மட்டும் ஒட்டியிருந்தால் அது படம்தான். இரண்டாவது கேள்விக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை: மேலே ஐ.எஸ். எண், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம், நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். முத்திரை பெரும்பாலும் பலகையின் ஒரு மூலையில் இருக்கும், மைக்கா ஒட்டியதும் மறைந்துவிடும். ஆசாரி அறுக்கத் தொடங்கும் நாளில் முத்திரையுள்ள மூலையைப் படமெடுத்து, ஓரடித் துண்டு ஒன்றைப் பில்லோடு சேர்த்து உலர்ந்த பரணில் போட்டுவையுங்கள். கொதிக்கவைக்க அந்தத் துண்டுதான் வேண்டும்.